எம்ஆர்ஐ ஸ்கேனிலிருந்து முப்பரிமாண மூளை மாடல்: வரிசை தப்பாமல் செய்ய முழு வழிகாட்டி

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலானோர் வாலிலிருந்து தொடங்குகிறார்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாணப் படமாக்கும் மென்பொருளைத் திறந்து, விளக்கு வைத்து, இளஞ்சிவப்பு பூசி, சுழலுகிற மூளை ஒன்றைச் செய்துவிடுவார்கள். "இதில் இடது பக்கம் எது?" என்று கேட்டால் விழிப்பார்கள். "சிறுமூளை எங்கே போச்சு?" என்று கேட்டால் இன்னும் மோசம்.

மாடல் அழகாக இருப்பதற்கும் சரியாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தவறுகள் முன்பாதியில் நடக்கின்றன. பளபளப்பு பின்பாதியில் வந்து அவற்றை மூடிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். வயதுவந்த ஒருவரின் ஸ்கேனை எடுத்து, ஃப்ரீசர்ஃபர் என்ற மூளைப்பட ஆய்வு மென்பொருளில் (இங்கே சொல்வது அதன் 7-ஆம் பதிப்பு வரிசைக்கு) புறணியை, அதாவது மூளையின் மடிப்புகள் நிறைந்த மேலடுக்கை, பிரித்து, பிளெண்டரில் படமாக்கி, வேண்டுமானால் அச்சிடுவது வரை போகிறோம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. உட்காருவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

கணினி லினக்ஸாகவோ மேக்காகவோ இருந்தால் நல்லது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) நிறுவிக்கொண்டு அதற்குள் வேலை செய்யலாம். நினைவகம் 16 ஜிபி இருக்கட்டும். 8 ஜிபியிலும் ஓடும். ஆனால் கூடவே பிரௌசரில் இருபது பக்கம் திறந்துவைத்தால் பாதியில் நின்றுவிடும், ஏன் நின்றது என்றும் புரியாது.

மென்பொருள்கள் எல்லாமே இலவசம்: ஃப்ரீசர்ஃபர், 3டி ஸ்லைசர் (உறுப்புகளைத் தனி மாடலாக எடுக்க), எம்ஆர்ஐக்ரோஜிஎல் (ஸ்கேன் கோப்பை மாற்ற), மெஷ்லேப் (பரப்பைச் சீராக்க), பிளெண்டர். ஃப்ரீசர்ஃபருக்கு மட்டும் அதன் தளத்தில் பதிவு செய்தால் உரிமக் கோப்பு ஒன்று மின்னஞ்சலில் வரும். அதை நிறுவிய இடத்தில் போடாமல் ஓட்டினால் ஓடாது. முதல் நாள் வருகிற சந்தேகங்களில் பாதி இதுதான்.

கோப்புறைப் பெயரில் இடைவெளி வேண்டாம், தமிழ் எழுத்து வேண்டாம், அடைப்புக்குறி வேண்டாம். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு போதும். இந்தக் கட்டளைகள் இடைவெளியைக் கண்டால் பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். டபிள்யூஎஸ்எல்லில் வேலை செய்பவர்கள் கோப்புகளை விண்டோஸின் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறைக்குள் வையுங்கள். இரண்டு பக்கமும் தாண்டித் தாண்டிப் படிப்பதில் வேகம் குறையும்; ஃப்ரீசர்ஃபர் உருவாக்குகிற இணைப்புக் கோப்புகளும் அங்கே தகராறு செய்யும்.

பழகுவதற்கு யாருடைய ஸ்கேன்? மூளை ஸ்கேன்களைப் பொதுவில் பகிரும் ஓப்பன்நியூரோ தளத்தில் உள்ள தரவுகளைப் பதிவு எதுவும் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஃப்ரீசர்ஃபரோடு பெர்ட் என்ற மாதிரி ஆளின் முடிவுகளும் வருகின்றன. முடிந்த வேலை எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க அது உதவும். நோயாளி ஒருவரின் ஸ்கேன் என்றால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஆய்வுக்கு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, இரண்டும் கைக்கு வந்த பிறகு கோப்பைத் தொடுங்கள்.

2. சரியான ஸ்கேனைத் தேர்ந்தெடுப்பது

ஸ்கேன் சென்டரில் பிலிமும் ஒரு சிடியும் கொடுப்பார்கள். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போனில் படம் எடுத்து "இதை முப்பரிமாணமாக்க முடியுமா?" என்று கேட்டவர்கள் உண்டு. முடியாது. சிடிக்குள் இருக்கும் டைகாம் என்ற மருத்துவப்படக் கோப்புகள்தான் வேண்டும். பல சமயம் அவற்றுக்குப் பெயர்நீட்சிகூட இருக்காது, வெறும் எண்கள் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒரே சிடியில் ஏழெட்டு வரிசைகள், அதாவது வெவ்வேறு அமைப்பில் எடுத்த படத் தொகுப்புகள், இருக்கும். நமக்குத் தேவை முப்பரிமாண டி1 வரிசை. சீமென்ஸ் கருவியில் எம்பிரேஜ் என்றும், ஜிஇ கருவியில் பிராவோ அல்லது எஃப்எஸ்பிஜிஆர் என்றும், பிலிப்ஸ் கருவியில் டிஎஃப்இ என்றும் பெயர் இருக்கும். டி1-இல் வெண்பொருள் (உள்ளே உள்ள நரம்பிழைகள்) வெளிச்சமாகவும் சாம்பல்பொருள் (புறணி போன்ற செல் அடுக்குகள்) மங்கலாகவும் தெரியும். புறணியைப் பிரிக்கும் நிரல் அந்த வேறுபாட்டை நம்பித்தான் ஓடுகிறது.

வோக்சல் (படத்தின் ஒரு குட்டிக் கனசதுரம்) அளவு மூன்று பக்கமும் சுமார் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். புறணியின் சராசரித் தடிமனே 2.5 மில்லிமீட்டர்தான். வழக்கமான மருத்துவ ஸ்கேனில் ஸ்லைஸ் (ஒரு வெட்டுப் படம்) 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். புறணியின் இரண்டு பக்கமும் ஒரே கட்டத்துக்குள் கலந்துபோயிருக்கும். ஒரு முறை இதைக் கவனிக்காமல் இரவு முழுக்க ஓட்டினேன். காலையில் வந்து பார்த்தால் திரையில் முட்டைக்கோஸ் இருந்தது.

தடித்த ஸ்லைஸ்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் ஃப்ரீசர்ஃபரின் புதிய பதிப்புகளில் ரீகான்-ஆல்-கிளினிக்கல் என்ற கட்டளை இருக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நரம்பு வலையமைப்பை வைத்து, கிடைத்த ஸ்கேனிலிருந்து பரப்பை ஊகித்துத் தரும். விளக்கப்படத்துக்குப் போதும். ஆனால் தரவில் இல்லாத மடிப்புகளை அது பொது அறிவால் நிரப்புகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதை வைத்து இந்த இடத்தில் தடிமன் இவ்வளவு என்று எழுதாதீர்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட பிறகு எடுத்த டி1 வேண்டாம். ரத்தக் குழாய்களும் மூளையின் வெளி உறையும் வெள்ளையாக எரியும். நிரல் அவற்றையும் மூளை என்று நினைத்துக்கொள்ளும். நோயாளி தலையை அசைத்திருந்தால் படத்தில் குளத்து அலைபோல் வளைகோடுகள் தெரியும். அந்த ஸ்கேனையும் ஒதுக்கிவிடுங்கள். அசைவைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துகொள்வோம். 1 மில்லிமீட்டர் ஸ்கேனில் செல்கள் தெரியாது. அந்த நுணுக்கம் வேண்டுமானால் நிஜ மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்க வேண்டும். 2013-இல் வந்த பிக்பிரெயின் மாடலுக்கு ஒரு மூளையை 7,404 சீவல்களாக்கினார்கள். சென்னை ஐஐடி 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி என்ற, கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடத்துக்கு 5,132 சீவல்கள். நாம் செய்யப்போவது அதுவல்ல. உயிரோடிருக்கும் ஒருவரின் மூளை வடிவம், அவ்வளவுதான்.

3. டைகாமை நிஃப்டியாக மாற்றுவது, அடையாளத்தை நீக்குவது

எம்ஆர்ஐக்ரோஜிஎல்லைத் திறந்து டைகாம் மாற்றும் சாளரத்தில் கோப்புறையை இழுத்துப் போடுங்கள். உள்ளே டிசிஎம்2நிக்ஸ் என்ற நிரல் ஓடி, நூற்றுக்கணக்கான ஸ்லைஸ்களை நிஃப்டி என்ற ஒரே முப்பரிமாணப் படக்கோப்பாகக் கட்டித் தரும். கூடவே ஜேசான் என்ற குறிப்புக் கோப்பு ஒன்றும் வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள்; எந்தக் கருவி, எந்த அமைப்பு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

டைகாமின் தலைப்புப் பகுதியில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் இருக்கும். நிஃப்டியாக மாற்றும்போது பெரும்பாலும் போய்விடும். போய்விட்டதா என்று ஜேசான் கோப்பைத் திறந்து ஒரு முறை பாருங்கள். கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயர் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

பெயரை எடுத்தால் மட்டும் போதாது. ஸ்கேனில் மூக்கும் உதடும் காது மடலும் இருக்கின்றன. தோல் பரப்பை முப்பரிமாணமாக்கினால் முகம் வந்துவிடும். 2019-இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வு ஒன்றில், எம்ஆர்ஐயிலிருந்து கட்டிய முகங்களைச் சாதாரண முக அடையாள மென்பொருளிடம் கொடுத்தார்கள். 84 பேரில் 70 பேரைச் சரியான புகைப்படத்தோடு அது பொருத்திவிட்டது. எனவே ஸ்கேனை யாருக்காவது அனுப்புவதற்கு முன் முகம் நீக்கும் கருவியில் ஓட்டுங்கள், பைடிஃபேஸ் எளிது. ஓட்டியபின் நெற்றிப் பக்கத்து மூளையும் சேர்ந்து போய்விட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

4. இடது எது, வலது எது

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் பின்னால் எங்காவது விழுந்திருக்கிறார்கள்.

கதிரியக்க மருத்துவர்கள் பார்க்கும் முறையில் நோயாளியின் வலது பக்கம் திரையின் இடது பக்கத்தில் இருக்கும், எதிரே படுத்திருப்பவரைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல. சில ஆய்வு மென்பொருள்கள் இதற்கு நேர்மாறாகக் காட்டும். எனவே திரையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நம்பாதீர்கள். ஓரத்தில் உள்ள எல் (இடது), ஆர் (வலது) எழுத்துகளைப் பாருங்கள்.

கோப்புக்குள்ளும் இரண்டு வழக்கங்கள் உண்டு. டைகாமில் இடது, பின், மேல் திசைகளில் போனால் ஆயத்தொலை எண் கூடும். நிஃப்டியில் வலது, முன், மேல் திசைகளில் கூடும். மாற்றும் நிரல் இதைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் கையால் எதையும் புரட்டக் கூடாது. படம் தலைகீழாகத் தெரிகிறதே என்று ஏதோ ஒரு கருவியில் திருப்பிச் சேமித்தால், தலைப்பில் ஒரு திசையும் தரவில் வேறு திசையுமாக நிற்கும். அதற்குப் பிறகு உண்மை யாருக்கும் தெரியாது. மூளையைப் பார்த்தே இடது வலது சொல்லிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பாதிகளுக்கும் சிறு வேறுபாடு உண்டுதான், ஆனால் தனி ஒருவரிடம் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஸ்கேன் எடுப்பதே உங்கள் கையில் இருந்தால், வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை நெற்றியின் வலது பக்கம் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டு எடுங்கள். எண்ணெய் மாத்திரை என்பதால் படத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஆயுசுக்கும் சந்தேகம் வராது.

5. முதலில் ஒரு பகுதி மட்டும் ஓட்டுங்கள்

ஃப்ரீசர்ஃபரின் ரீகான்-ஆல் கட்டளையை முழுதாக ஓட்டினால் சாதாரணக் கணினியில் ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகும். 31 கட்டங்கள். புதியவர்கள் ஒரேயடியாக ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். மூன்றாவது கட்டத்தில் நடந்த தவறு காலையில்தான் தெரியும்.

அதற்குப் பதில் ஆட்டோரீகான்1 என்ற பகுதியை மட்டும் முதலில் ஓட்டுங்கள். இது முதல் ஐந்து கட்டங்கள்: படத்தை 1 மில்லிமீட்டர் கட்டங்களாக ஒழுங்குபடுத்துதல், வெளிச்சத்தைச் சமன்செய்தல், பொது மூளை வரைபடத்தோடு பொருத்துதல், மண்டையோட்டை நீக்குதல். அரை மணி நேரத்துக்கு அப்படி இப்படி முடிந்துவிடும்.

முடிந்ததும் ஃப்ரீசர்ஃபரோடு வரும் ஃப்ரீவியூ சாளரத்தில், மண்டையோடு நீக்கிய பிரெயின்மாஸ்க் கோப்பைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். மூளை எங்காவது வெட்டுப்பட்டிருக்கிறதா? நெற்றி முனையும் உச்சியும்தான் வழக்கமாகப் போகும் இடங்கள். மண்டையோடோ கண்விழியோ மிச்சம் இருக்கிறதா? மண்டையோட்டை எவ்வளவு வெட்டுவது என்று சொல்லும் வாட்டர்ஷெட் வரம்பு இயல்பாக 25. மூளை வெட்டுப்பட்டிருந்தால் அதைக் கூட்டி ஓட்டுங்கள், மிச்சம் நிறைய இருந்தால் குறைத்து ஓட்டுங்கள். எண் குறையக் குறையக் கத்தி ஆழமாக இறங்கும். கழுத்துப் பக்கம் கொஞ்சம் சதை ஒட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடலாம். அது மேல் மூளையின் பரப்பைத் தொடாது.

6. மீதியை ஓட்டிவிட்டு, மெஷ்ஷைப் பார்க்காதீர்கள்

சரி, இப்போது ஆட்டோரீகான்2, 3 இரண்டையும் ஓட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் இரண்டு பாதிகளுக்கும் இரண்டிரண்டு பரப்புகள் தயாராக இருக்கும்: வெண்பொருள் முடிகிற இடத்தில் ஒன்று, புறணியின் வெளி ஓரத்தில் ஒன்று. முதலாவது வொயிட், இரண்டாவது பையல்.

கை துறுதுறுக்கும். மெஷ்ஷை, அதாவது முக்கோணங்களால் ஆன பரப்பை, சுழற்றிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். முப்பரிமாணத்தில் எல்லா மூளையும் மூளை மாதிரிதான் இருக்கும். டி1 படத்தின் மேல் இரண்டு பரப்புகளையும் கோடுகளாக வைத்து ஸ்லைஸ் ஸ்லைஸாகப் போங்கள். நான் வொயிட்டை மஞ்சளாகவும் பையலைச் சிவப்பாகவும் வைப்பேன். முகத்துக்கு இணையான வெட்டில், நெற்றியிலிருந்து பிடரி வரை நகர்வேன். ஒரு மூளைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பொட்டு மடலின் முன்முனை, அதாவது காதுக்கு முன்னால் கீழே தொங்குகிற பகுதி, அங்கே வந்ததும் நிதானியுங்கள். பக்கத்திலேயே எலும்பும் காற்றறைகளும் இருப்பதால் படம் அங்கே மங்கும். மஞ்சள் கோடு உள்ளே வெண்பொருள் முடியும் முன்பே கைவிட்டுத் திரும்பியிருக்கும். முனையில் ஒரு சுண்டுவிரல் நுனி அளவுக்கு மூளை கோட்டுக்கு வெளியே நிற்கும். மெஷ்ஷில் பார்த்தால் இது தெரியவே தெரியாது, மடல் சற்றுக் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து உச்சி. இரண்டு பாதிகளும் சந்திக்கும் நடுக்கோட்டில், சிவப்புக் கோடு மூளையைத் தாண்டி வெளி உறைக்குள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உறையும் சாம்பல்பொருளும் டி1-இல் கிட்டத்தட்ட ஒரே நிறம், அதனால் நிரல் ஏமாறும். பின்னால் போனால், பிடரி மடலின் கீழே சிறுமூளையின் ஒரு துண்டைப் பெருமூளையோடு சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கோடு கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஹிப்போகேம்பஸ், அமிக்டலா என்ற ஆழ்ந்த உறுப்புகள் இருக்கும் உட்பக்கத்தில் பரப்பு எதையெதையோ வெட்டிக்கொண்டு போகும். அது பிழையல்ல, அங்கே புறணிப் பரப்பு சரியாக இருக்கும் என்று ஃப்ரீசர்ஃபரே சொல்வதில்லை. இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் நடுச்சுவரும் அப்படித்தான். மூடிய பரப்பு வேண்டும் என்பதற்காக வென்ட்ரிக்கிளை (மூளைக்குள் திரவம் நிற்கும் அறை) நிரப்பி, செயற்கையாக அடைத்த சுவர் அது. அதையே படம் எடுத்து, உள்ளே இருக்கும் தாலமஸ் என்ற உறுப்பு இதுதான் என்று அம்புக்குறி போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவுக் கோப்பில் ஆய்லர் எண்ணையும் பாருங்கள். முக்கோணங்களின் முனைகள் கழித்தல் ஓரங்கள் கூட்டல் முகங்கள் 2 என்று வந்தால் அது பந்தைப்போல் ஓட்டையில்லாத பரப்பு. கடைசிப் பரப்புக்கு எப்போதும் 2 வரும், நிரல் தைத்துவிடும். தைப்பதற்கு முன் இருந்த எண்ணைப் பாருங்கள். அது எவ்வளவு பெரிய எதிர்மறை எண்ணோ அவ்வளவு ஓட்டையும் கைப்பிடியும் இருந்தன என்று அர்த்தம். ஒரே கருவியில் எடுத்த மற்றவர்களைவிட மிக மோசமாக இருந்தால் ஸ்கேனிலேயே கோளாறு.

7. திருத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு

மண்டையோடு நீக்கம், பிறகு கட்டுப்பாட்டுப் புள்ளிகள், பிறகு வெண்பொருள், கடைசியாகப் பையல். மேலே உள்ளதைத் திருத்தினால் கீழே உள்ளதெல்லாம் புதிதாகக் கணக்கிடப்படும்; கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து நேரத்தை வீணடிக்காதீர்கள்.

மேலே சொன்ன பொட்டு மடல் முனைக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிதான் மருந்து. வெளிச்சம் சமன்செய்த படத்தில் வெண்பொருளின் மதிப்பு 110 இருக்க வேண்டும். மங்கலான இடத்தில் அது 90, 95 என்று இறங்கியிருக்கும். அந்த இடத்தில் புள்ளி வைத்தால் "இது வெண்பொருள், 110-க்குத் தூக்கு" என்று நிரலுக்குச் சொல்கிறோம். புள்ளியைச் சந்தேகமில்லாத வெண்பொருளின் நடுவில் மட்டும் வையுங்கள். புறணி ஓரத்தில் ஒரு புள்ளி தவறி விழுந்தால் சாம்பல்பொருளும் வெளுத்து, தடிமன் குறைந்துவிடும். ஒரே ஸ்லைஸில் பத்து வைப்பதைவிட முன்னும் பின்னுமாக நாலைந்து ஸ்லைஸ்களில் ஒன்றிரண்டு வைப்பது நல்லது.

வெண்பொருளில் துளை இருந்தால் டபிள்யூஎம் கோப்பில் நிரப்புங்கள். பையல் உறைக்குள் ஏறியிருந்தால் பிரெயின்மாஸ்க்கில் அந்த உறையை அழியுங்கள். பிறகு திருத்தியதற்கு ஏற்ற விருப்பத்தோடு மறுபடி ஓட்டுங்கள்: புள்ளி வைத்திருந்தால் ஆட்டோரீகான்2-சிபி, வெண்பொருள் என்றால் ஆட்டோரீகான்2-டபிள்யூஎம், பையல் மட்டும் என்றால் ஆட்டோரீகான்-பையல். முதல் இரண்டுக்கும் பின்னால் ஆட்டோரீகான்3 சேர வேண்டும்.

ஒவ்வொரு வோக்சலாக மெழுகிக்கொண்டிருக்காதீர்கள். விளக்கப்பட மாடலுக்கு ஓரிரு மில்லிமீட்டர் பிசகு பொருட்டல்ல. அளவெடுக்கப் போகிறீர்கள் என்றால் எதைத் திருத்துவது, எதை விடுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்து எல்லா மூளைக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

8. மெஷ்ஷாக வெளியே எடுப்பது

ஒவ்வொரு பாதியின் பையல் பரப்பிலும் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் முனைகள் இருக்கும். முக்கோணங்கள் அதைப்போல் இரு மடங்கு. எம்ஆர்ஐஎஸ்-கன்வெர்ட் கட்டளையால் இதை எஸ்டிஎல் என்ற மெஷ் கோப்பாக மாற்றலாம். அப்போது டு-ஸ்கேனர் விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். ஃப்ரீசர்ஃபர் பரப்புகளுக்குத் தனி மையப்புள்ளி வைத்திருக்கிறது. சேர்க்காவிட்டால் பரப்பும் ஆழ்ந்த உறுப்புகளும் சில மில்லிமீட்டர், சில சமயம் சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கும்.

பையலில் சிறுமூளையும் மூளைத்தண்டும் கிடையாது. பெருமூளை மட்டும்தான். மற்றவை ஏசெக் என்ற கோப்பில் எண்களாக இருக்கின்றன: இடது ஹிப்போகேம்பஸ் 17, வலது 53, இடது தாலமஸ் 10, வலது 49, மூளைத்தண்டு 16, சிறுமூளைப் புறணி இடது 8, வலது 47. ஏசெக்கை 3டி ஸ்லைசரில் செக்மென்டேஷனாக (உறுப்பு வாரியான பிரிப்பாக) திறந்து, வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து மாடலாக ஏற்றுமதி செய்யலாம். சிறுமூளையின் மெல்லிய மடிப்புகள் 1 மில்லிமீட்டர் ஸ்கேனில் பிடிபடாது, உருண்டைபோல்தான் வரும். அதில் கைவேலையாக வரிகள் செதுக்கி நிஜம் என்று காட்டாதீர்கள்.

இப்போது இந்த வழிகாட்டியிலேயே ஆளைக் கவிழ்க்கிற இடம். ஃப்ரீசர்ஃபரிலிருந்து வந்த மெஷ் வலது-முன்-மேல் வழக்கில் இருக்கிறது. 3டி ஸ்லைசர் ஏற்றுமதி செய்யும் எஸ்டிஎல் இயல்பாக இடது-பின்-மேல் வழக்கில் வருகிறது. இரண்டையும் பிளெண்டரில் ஒன்றாகப் போட்டால் சிறுமூளை நெற்றிக்குக் கீழே நிற்கும். என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் இதைப் பார்த்ததும் சட்டென்று முன்பின் அச்சில் கண்ணாடிப் பிரதி எடுத்தார். சிறுமூளை பின்னால் வந்துவிட்டது, பார்க்கவும் கச்சிதம். ஆனால் இடது ஹிப்போகேம்பஸ் வலது பாதிக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டு அச்சுகள் புரண்டிருக்கும்போது ஒன்றை மட்டும் புரட்டினால் இதுதான் நடக்கும். செய்ய வேண்டியது, மேல்கீழ் அச்சைச் சுற்றி 180 பாகை திருப்புவது. அதைவிட எளிது, ஏற்றுமதி செய்யும்போதே ஸ்லைசரில் ஆர்ஏஎஸ் (வலது-முன்-மேல்) என்று தேர்ந்துவிடுவது. கண்ணாடிப் பிரதி என்ற பொத்தானை மூளை வேலையில் தொடவே கூடாது என்பது என் கட்சி.

எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்பு வகையில் எடுங்கள். பிளெண்டர் ஓபிஜே என்ற இன்னொரு வகை மெஷ் கோப்பைத் திறக்கும்போது எது மேல் திசை என்பதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். எஸ்டிஎல்லோடு கலந்தால் மறுபடி திருப்பும் வேலை.

9. மென்மையாக்குவது, எடை குறைப்பது

ஏசெக்கிலிருந்து வந்த உறுப்புகள் படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கும். கட்டங்களின் ஓரம் அது. பையல் பரப்பில் இந்தப் படிக்கட்டு இருக்காது, ஏனென்றால் அது கட்டங்களுக்கு நடுவே நகர்த்தி நகர்த்திப் பொருத்தப்பட்ட பரப்பு. எனவே எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மென்மையாக்கல் கொடுக்காதீர்கள்; பையலுக்குக் கொடுத்தால் மடிப்புகள் மழுங்கிப்போகும்.

மெஷ்லேப்பில் லாப்லாசியன் முறை ஒவ்வொரு சுற்றிலும் வடிவத்தைச் சுருக்கும். ஹிப்போகேம்பஸ்போல் ஓரிரு விரல் மொத்தமுள்ள உறுப்பில் அது நன்றாகவே தெரியும். டாபின் முறையை எடுங்கள், சுருக்கம் அநேகமாக இராது. கொள்ளளவு எழுத வேண்டுமானால் மெஷ்ஷிலிருந்து எடுக்காமல் ஃப்ரீசர்ஃபர் தரும் புள்ளிவிவரக் கோப்பிலிருந்து எடுங்கள்.

முக்கோணங்களைக் குறைப்பது எப்போதும் கடைசி. தடிமன், பகுதிப் பெயர், வளைவு எல்லாமே முனையின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டவை. குறைத்த நிமிடமே அந்த எண்கள் மாறிவிடும், நிறம் பூச வழியில்லாமல் போகும். முதலில் நிறம், பிறகு குறைப்பு. போனில் பார்க்கும் மாடலுக்குப் பாதிக்கு 50,000 முக்கோணம் தாராளம்.

10. நிறமும் வெளிச்சமும்

பிளெண்டர் ஒரு அலகை ஒரு மீட்டராக எடுத்துக்கொள்ளும். நம் மெஷ்ஷோ மில்லிமீட்டரில். எனவே 170 மீட்டர் நீள மூளை வந்து நிற்கும், கேமராவில் ஒன்றும் தெரியாது. எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரே பெற்றோரில் (பேரன்ட் என்ற தாய்ப் பொருள்) கட்டி 0.01 அளவுக்குச் சுருக்குங்கள். தனித்தனியாகச் சுருக்கினால் ஒன்றுக்கொன்று விலகக்கூடும்.

பகுதிகளுக்கு நிறம் பூச, ஃப்ரீசர்ஃபர் தரும் இரண்டு பகுதி வரைபடங்கள் உண்டு: டெசிகன்-கிலியானியில் ஒரு பாதிக்கு 34 பகுதிகள், டெஸ்ட்ரியூவில் 74. நிபேபல் என்ற பைத்தான் நூலகத்தால் அவற்றைப் படித்து, ஒவ்வொரு முனைக்கும் நிறம் சேர்த்து பிஎல்ஒய் கோப்பாக எழுதலாம். பிளெண்டர் அதை எடுத்துக்கொள்ளும். பைத்தான் பழக்கம் உள்ளவர்கள் வேகமாக ஒன்று காட்ட வேண்டுமானால் நைலேர்ன் போதும், சுழற்றிப் பார்க்கும் வலைப்பக்கமாகவே தந்துவிடும்.

தடிமன் போன்ற அளவுகளைக் காட்டும்போது வானவில் நிறங்கள் வேண்டாம். மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் இடத்தில் தரவில் இல்லாத ஓரம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். விரிடிஸ் போன்ற ஒரே சீராக வெளிச்சம் கூடும் வரிசையை எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். புறணியில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதையும் காட்ட வேண்டும் என்றால் பையலை விட்டு, ஊதிய பரப்பான இன்ஃப்ளேட்டடைப் பயன்படுத்துங்கள். மேடு பள்ளத்தை வெளிர், அடர் சாம்பலாகக் கீழே போட்டால் பார்ப்பவருக்கு இடம் பிடிபடும்.

விளக்கு ஒன்றைச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் பள்ளங்கள் மறைந்து மாவு உருண்டை ஆகிவிடும். இளஞ்சிவப்பு பற்றி: ஃபார்மலினில் பதப்படுத்திய மூளை மங்கலான சாம்பல் கலந்த பழுப்பு. நான் பெரும்பாலும் வெறும் சுண்ணாம்பு நிறத்தில் விட்டுவிடுவேன், வடிவம் பேசட்டும்.

11. அச்சிட வேண்டுமானால்

எஸ்டிஎல்லில் அலகு எழுதப்படாது. அச்சு மென்பொருள் மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். பிளெண்டரில் 0.01 ஆகச் சுருக்கியதை அப்படியே அனுப்பினால் கடுகு அளவில் மூளை வரும். எனவே அச்சுக்கு அந்தச் சுருக்கிய கோப்பை எடுக்காமல், மெஷ்லேப்பில் சேமித்ததை எடுங்கள்.

முதல் முறை பாதி அளவில், ஒரு பாதியை மட்டும், நடுச்சுவர் கீழே படும்படி வைத்து அடியுங்கள். தாங்குகோல் குறைவாகவே வேண்டியிருக்கும். குறுகிய பள்ளங்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்; அது மாடலின் பிழையல்ல, அச்சு இயந்திரத்தின் முனைத்துளை அளவு. அறுவை சிகிச்சைத் திட்டத்துக்கு இப்படி வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள், அதற்குத் தனிச் சோதனையும் ஒப்புதலும் பெற்ற வழிகள் இருக்கின்றன.

அச்சுக்கு அனுப்பும் முன் நடுச்சுவரின் சமதளத்தில் "இ" அல்லது "வ" என்று ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பொறித்துவிடுங்கள். எழுத்து அச்சில் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தாக வந்தால், எட்டாவது படியில் யாரோ அந்தக் கண்ணாடிப் பிரதிப் பொத்தானைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருளல்ல. எழுத்தை மட்டும் தவறான பக்கத்திலிருந்து வைத்திருப்பீர்கள். பிளெண்டரில் சுருக்காத மெஷ்ஷைத் திறந்து, சுவரை நேருக்கு நேர் பார்க்கும் கோணத்தில் நின்று எழுத்தை வைத்தால் சரியாக வரும்.